பித்தப்பை அழற்சிக்கு ஓர் உணவு ஆலோசனைச் சேவை: எட்டு வாரம் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

என் தாயாருக்குப் பித்தப்பை அழற்சி கண்டு, அறுவைச் சிகிச்சைக்கு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டபோது, அந்த இடைக்காலத்துக்காக ஒரு மருத்துவமனையின் உணவியல் பிரிவு நடத்தும் ஆலோசனைச் சேவையில் அவரைச் சேர்த்தேன். வாரம் ஒரு முறை காணொளி அழைப்பில் உணவியல் வல்லுநருடன் அரை மணி நேர உரையாடல், கைபேசிச் செயலியில் நாள்தோறும் நிரப்ப வேண்டிய உணவுக் குறிப்பேடு, அதே செயலி தானாகத் தயாரித்துத் தரும் வாராந்திர உணவுத் திட்டம் ஆகியவை சேர்ந்ததே இந்தச் சேவை. இவற்றுள் உரையாடல் மிகச் சிறப்பானது, குறிப்பேடு பயனுள்ளது, உணவுத் திட்டத்தையோ, அது இப்போது இருக்கும் நிலையில், பித்தப்பை நோயாளி எவரும் அப்படியே பின்பற்றக் கூடாது என்பது என் கருத்து.

சேவையின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். குறைகளையும் எழுதப் போகிறேன் என்பது ஒரு காரணம். இப்படிப்பட்ட சேவையை எங்கே நாடினாலும் எதைக் கேட்டுப் பெற வேண்டும், எதை ஏற்க மறுக்க வேண்டும் என்பது நோயாளியின் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

வலது விலா எலும்புகளுக்குக் கீழே தொடங்கி வலது தோள்பட்டையின் பின்புறம் வரை பரவிய வலியை வாயுத் தொல்லை என்று எண்ணி, அம்மா ஒரு வாரத்துக்கும் மேலாக வலி மாத்திரைகளைக் கொண்டே சமாளித்திருந்தார். காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்த பிறகுதான் மருத்துவமனைக்குச் சென்றோம். ஸ்கேனில் கற்கள் தெரிந்தன. வழக்கமாக 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய பித்தப்பைச் சுவர் 5 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்திருந்தது. பித்தப்பை அழற்சி காண்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் ஒன்றுதான்: பித்தப்பையிலிருந்து வெளியேறும் குழாயை ஒரு கல் அடைத்துக்கொள்கிறது, உள்ளே தேங்கிய பித்தநீரால் அழுத்தம் கூடிச் சுவர் வீங்கிப் புண்ணாகிறது. தாமதமின்றி, அதே மருத்துவமனைச் சேர்க்கையிலேயே பித்தப்பையை அகற்றிவிடுவதைத்தான் இன்றைய வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் பரிந்துரைக்கின்றன. ஆனால் நாங்கள் தாமதமாக வந்ததால், வீங்கிய திசுக்கள் சுற்றியுள்ள உறுப்புகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அவை ஆறட்டும் என்று அறுவை மருத்துவர் முடிவு செய்தார். ஐந்து நாள்கள் முதலில் வாய்வழி எதுவும் இல்லாமலும் பின்னர் நீராகாரத்துடனும், டிரிப்ஸும் ஆன்டிபயாட்டிக்கும் ஏறி, அம்மா வீடு திரும்பினார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் இரண்டு வரிகள்தாம் உணவைப் பற்றியவை: எண்ணெய், நெய், வறுத்தவை, முட்டை, இறைச்சி, பால் பொருள்கள் கூடாது, எளிதில் செரிக்கும் உணவு உண்ணவும். எவ்வளவு காலத்துக்கு, எந்த அளவில், ஏன் என்பவை இல்லை. அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வெறும் கஞ்சியும் வேகவைத்த காயுமாக, அதையும் பயந்து பயந்து பாதி வயிற்றுக்கு உண்டு, இரவு உணவை முற்றிலும் விட்டுவிட்டு, 12 நாள்களில் 3 கிலோ எடை குறைந்தார். அக்கம்பக்கத்தார் அதைப் பாராட்டவும் செய்தார்கள். அந்த நிலையில்தான் நான் இந்தச் சேவையில் அவரைப் பதிவு செய்தேன்.

முதல் அழைப்பு அரை மணி நேரத்தைத் தாண்டி ஐம்பது நிமிடம் நீடித்தது. ஆலோசகர் எந்தப் பட்டியலையும் நீட்டவில்லை. கடந்த மூன்று நாள்களில் அம்மா உண்டது அனைத்தையும் நேர வாரியாகக் கேட்டு எழுதிக்கொண்டார், எடையைக் கேட்டார், அந்த 3 கிலோவைச் சொன்னதும் முகம் மாறினார்.

“அம்மா, எண்ணெயை அடியோடு விடச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னார்கள்?” என்று கேட்டார்.

“தாளில் அப்படித்தான் போட்டிருந்தது, மேடம். கொழுப்பைத் தொட்டால்தானே வலி வருகிறது?”

அதற்கு அவர் தந்த விளக்கம்தான் இந்தச் சேவைக்கு நாங்கள் செலவிட்ட நேரம் அனைத்தையும் ஈடு செய்தது என்று சொல்வேன். கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது; பித்தப்பை என்பது அதில் ஒரு பகுதியை வாங்கி, நீரை உறிஞ்சிச் செறிவாக்கி, 30 முதல் 50 மில்லி அளவுக்குத் தேக்கி வைக்கும் சிறு பை. நாம் உண்ட உணவின் கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் முதற்பகுதியை அடையும்போது, அங்குள்ள செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. அது பித்தப்பையைச் சுருங்கச் செய்து பித்தநீரைக் குடலுக்குள் தள்ளுகிறது. ஒரே வேளையில் கொழுப்பு மிகுந்தால் சுருக்கமும் வலுவாக இருக்கும். வாயிலில் கல் இருந்தால் அந்தச் சுருக்கம் வலியாகிறது. ஆகவே கொழுப்பைக் குறைப்பதில் பொருள் உண்டு. ஆனால் கொழுப்பே இல்லாமல் நாள்கணக்கில் இருந்தால், நீண்ட நேரம் பட்டினி கிடந்தால், பித்தப்பை சுருங்காமலேயே கிடக்கும். தேங்கிய பித்தநீர் கெட்டிப்பட்டுச் சேறாகி, புதிய கற்களுக்கு இடம் கொடுக்கும். எடை வேகமாகக் குறையும்போது கல்லீரல் கூடுதலான கொலஸ்டிராலைப் பித்தநீரில் விடுவதால் அந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. நாளொன்றுக்கு 800 கலோரிக்கும் குறைவான கடும் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கும், வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை இழப்பவர்களுக்கும் பித்தப்பைக் கற்கள் உருவாவது மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்ட செய்தி. அம்மாவுக்கு எடை குறைய வேண்டிய தேவை இருந்தது உண்மைதான். ஆனால் அது வாரத்துக்கு அரைக் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் இடையில்தான் குறைய வேண்டும் என்றார் ஆலோசகர்.

நல்ல எண்ணத்தோடு கொடுக்கப்பட்ட அந்த இரண்டு வரித் தாள் என் தாயாரை நேர் எதிர்த் திசையில் கொண்டு சென்றிருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். “கூடாது” என்ற சொல்லை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால், பயந்த நோயாளி அதை உண்ணாமை என்றே மொழிபெயர்த்துக்கொள்வார். இந்த மதிப்புரையை எழுத என்னைத் தூண்டியது அந்த எண்ணம்தான்.

ஆலோசகர் அம்மாவுக்கு வகுத்த அளவு, நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம் கொழுப்பு. மூன்று வேளைக்கும் ஏறத்தாழ 11 கிராம் வீதம், இடையில் இரண்டு சிறு உணவுகளுக்கு மூன்று நான்கு கிராம் வீதம் என்று அதைப் பிரித்தார். இந்த எண் அம்மாவின் வயதுக்கும் எடைக்கும் அப்போதிருந்த வலிக்கும் ஏற்பக் கணக்கிட்டது. அடுத்தவருக்கு அது வேறாக இருக்கும் என்பதை அவரே இரண்டு முறை வலியுறுத்தினார். நான் இங்கே எடுத்துக்காட்ட விரும்புவது எண்ணை அன்று, பிரித்த முறையை. 40 கிராமையும் ஒரே விருந்தில் உண்பதும், ஐந்து பங்காக உண்பதும் பித்தப்பைக்கு ஒன்றல்ல. இரண்டு உணவுகளுக்கு இடையே நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது, காலை உணவைத் தவிர்க்கவே கூடாது, இரவு உணவு படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பவற்றையும் சேர்த்துச் சொன்னார்.

அளக்கும் பழக்கம் இல்லாத வீட்டில் கிராம் கணக்கு எடுபடுமா என்ற ஐயம் எனக்கு இருந்தது. அதற்கு அவர் சொன்ன வழி எளிமையானது: ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி எண்ணெயில் நாலரை கிராம் கொழுப்பு இருக்கிறது, எண்ணெய்ப் புட்டியிலிருந்து நேராக ஊற்றுவதை நிறுத்திவிட்டு, அளவுக் கரண்டியால் மட்டுமே எடுங்கள். முதல் நாள் அம்மா தம் வழக்கப்படி “ஒரு சுற்று” ஊற்றியதை நான் வேறு கிண்ணத்தில் வாங்கி அளந்தேன். மூன்று தேக்கரண்டி இருந்தது. அந்த ஒரு சோதனை அவருக்குப் புரிய வைத்ததைப் பத்து அறிவுரைகள் புரிய வைத்திருக்காது.

பொருள்களைப் பற்றிய தெளிவும் இப்படித்தான் வந்தது. முழுக் கொழுப்புள்ள பால் ஒரு குவளையில் ஏழு எட்டு கிராம் கொழுப்பு. கொழுப்பு நீக்கிய பாலில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வெண்ணெயில் 100 கிராமுக்கு 80 கிராம், கெட்டிப் பாலாடைக்கட்டியில் முப்பதுக்கும் மேல். தோல் நீக்கிய கோழியின் மார்புப் பகுதியில் நூற்றுக்கு மூன்று நான்கு கிராம்தான். வெள்ளைச் சதை மீன்களில் அதனினும் குறைவு. சால்மன் போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்களில் பத்துக்கும் மேல். வேகவைத்த பருப்பு வகைகளில் மிகச் சொற்பம். ஆகவே இறைச்சி என்ற ஒரே சொல்லின் கீழ் எல்லாவற்றையும் தள்ளிவைத்த அந்தத் தாள் அம்மாவின் புரதத்தைத்தான் பறித்திருந்தது. ஆறிவரும் உடலுக்குப் புரதம் வேண்டும். இறைச்சி வடிசாற்றைக் குளிரூட்டியில் ஓர் இரவு வைத்தால் கொழுப்பு மேலே உறைந்துவிடும், அதை வழித்தெடுத்துவிட்டுச் சூடாக்கலாம் என்பதும், வறுப்பதற்குப் பதிலாக ஆவியில் வேகவைத்தோ அடுப்பில் சுட்டோ சமைத்து, மீதமாகும் ஒரு கரண்டி எண்ணெயை மணத்துக்காக இறுதியில் சேர்க்கலாம் என்பதும் அவர் தந்த சமையல் குறிப்புகளில் இன்றும் எங்கள் வீட்டில் நிலைத்திருப்பவை.

முட்டையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாவின் அச்சமெல்லாம் அதன் மேல்தான் இருந்தது. ஒரு முட்டையில் சுமார் 5 கிராம் கொழுப்பு இருக்கிறது, அது முழுவதும் மஞ்சள் கருவில். மஞ்சள் கரு பித்தப்பையை நன்றாகச் சுருங்க வைக்கும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்று. 1920-களில் எட்வர்ட் பாய்டன் என்ற ஆய்வாளர் பித்தப்பையின் சுருக்கத்தைச் சோதிப்பதற்கென்றே மஞ்சள் கருவும் பாலேடும் சேர்ந்த ஓர் உணவைப் பயன்படுத்தினார். ஆகவே அம்மாவின் அச்சம் ஆதாரமற்றதன்று. ஆலோசகர் அதை மறுக்கவில்லை. வெள்ளைக் கருவைத் தாராளமாக உண்ணலாம், மஞ்சள் கருவை இப்போதைக்கு விட்டுவிடலாம், பின்னர் பாதியாகத் தொடங்கிப் பார்க்கலாம் என்றார்.

உணவுக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு ஆளுக்கு ஆள் மாறும் என்பதை அவர் மறைக்கவில்லை என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. கொழுப்பைக் குறைத்தால் வலியே வராது என்று உறுதிப்படுத்திய வலுவான ஆய்வுகள் இல்லை. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட பித்தப்பைக் கல் வழிகாட்டுதலும் எல்லோருக்கும் பொதுவான தடைப்பட்டியல் எதையும் தரவில்லை. எந்த உணவும் பானமும் தமக்கு வலியைத் தூண்டுகிறதோ அதை, பித்தப்பையோ கற்களோ அகற்றப்படும் வரை தவிர்க்கச் சொல்கிறது, அவ்வளவே. அப்படியானால் தமக்கு எது தூண்டுகிறது என்று நோயாளிக்குத் தெரிய வேண்டும். குறிப்பேட்டின் தேவை அங்கேதான் வருகிறது.

செயலியில் உள்ள குறிப்பேடு நன்றாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உண்டது, அளவு, நேரம், கொழுப்பு ஆகியவற்றோடு, பின்னர் வலி வந்ததா, எத்தனை மணி நேரம் கழித்து, எங்கே, எவ்வளவு நேரம் என்பவற்றுக்கும் இடம் இருக்கிறது. எழுத்துகள் சிறியவை, அறுபதைக் கடந்த ஒருவர் துணையின்றி நிரப்புவது கடினம். நான்தான் இரவுதோறும் அம்மாவிடம் கேட்டு நிரப்பினேன். மூன்று வாரக் குறிப்புகளை ஆலோசகர் திரையில் விரித்துக் காட்டியபோது, நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. சிறு வலிகள் ஆறு முறை வந்திருந்தன. அவற்றுள் நான்கு, மதிய உணவு தள்ளிப்போய், ஆறு ஏழு மணி நேர இடைவெளிக்குப் பின் இரவில் வயிறு நிறைய உண்ட நாள்களில் வந்தவை. அந்த இரவுகளின் உணவில் கொழுப்பு அதிகம் இல்லை. அதுவரை அம்மா தக்காளியையும் காப்பியையும் குற்றவாளிகளாக்கி வைத்திருந்தார். காப்பியும் பித்தப்பையைச் சுருக்கும் ஹார்மோனைத் தூண்டக் கூடியது என்பதால் ஆலோசகர் முதலில் கவனமாக இருக்கச் சொல்லியிருந்தார். ஆனால் கொழுப்பு நீக்கிய பாலில் ஒரு குவளை காப்பி குடித்த பதினான்கு நாள்களில் ஒருநாளும் வலி வரவில்லை என்று குறிப்பேடு காட்டியதும், அதை அவரே திருப்பித் தந்துவிட்டார். அன்று அம்மாவின் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை.

நார்ச்சத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும், திடீரெனக் கூட்டினால் வயிற்று உப்புசம் வந்து அதையே பித்தப்பை வலியாக எண்ணிக் கலங்க நேரும் என்றார். ஓட்ஸ், பருப்பு, ஆப்பிள் போன்றவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பற்றி வெளியேற்றுவதால் நீண்ட காலத்தில் நன்மை தரும்.

பொட்டல உணவுகளின் மேலட்டையைப் படிக்க ஓர் அழைப்பு முழுவதையும் ஒதுக்கினார். அட்டையின் முன்புறச் சொற்களைப் பார்க்காதீர்கள், பின்புறத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு கொழுப்பு என்ற வரியைப் பாருங்கள் என்பதே பாடம். திட உணவில் 100 கிராமுக்கு 3 கிராமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால்தான் அது குறைந்த கொழுப்புள்ள உணவு. “கொழுப்பு குறைக்கப்பட்டது” என்பதோ வேறு பொருள் உடையது; அதே பொருளின் வழக்கமான வகையைவிடக் குறைவு என்று மட்டுமே அது சொல்கிறது, குறைத்த பின்னும் இருபது கிராம் இருக்கலாம். “கொலஸ்டிரால் இல்லை” என்று எண்ணெய்ப் புட்டியில் எழுதியிருப்பதைக் காட்டி அம்மா மகிழ்ந்தபோது, எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்டிரால் இருப்பதில்லை, ஆனால் புட்டியில் இருப்பது முழுக்க முழுக்கக் கொழுப்புதான் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

இவ்வளவு நுட்பமான ஆலோசகரை வைத்திருக்கும் அதே சேவைதான், செயலியில் தானியங்கி உணவுத் திட்டத்தையும் அனுப்புகிறது. இரண்டாம் வாரம் வந்த திட்டத்தில் காலை உணவாக ஓட்ஸுடன் இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெயும், நடுக்காலையில் ஒரு கைப்பிடி பாதாமும், மதியம் ஆலிவ் எண்ணெய் விட்ட வெண்ணெய்ப்பழ (அவகாடோ) கலவையும் இருந்தன. பார்த்தவுடன் எல்லாமே உடலுக்கு நல்ல உணவுகள் என்று தோன்றும். இதய நலத்துக்கு இவை நல்லவைதாம். நிறைவுறாக் கொழுப்பும் கொட்டைகளும் நீண்ட காலத்தில் பித்தப்பைக் கற்களின் வாய்ப்பையும் குறைக்கக் கூடியவை. ஆனால் வீங்கிய பித்தப்பைக்கு நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு என்ற வேறுபாடு அந்த நேரத்தில் உதவாது. குடலை அடையும் கொழுப்பு எதுவானாலும் ஹார்மோன் சுரக்கும், பை சுருங்கும். அந்தக் காலை உணவில் வேர்க்கடலை வெண்ணெய் மட்டும் 16 கிராம், 30 கிராம் பாதாமில் 15 கிராம். முற்பகலுக்குள்ளேயே நாளின் அளவில் முக்கால் பங்கு போய்விட்டது. ஆலோசகரின் கணக்கு எங்களுக்கு இன்னும் பழகாத வாரம் என்பதால், மருத்துவமனை அனுப்பியது தவறாக இருக்காது என்ற நம்பிக்கையில் அம்மா அதை உண்டார். அன்று மதியம் இரண்டு மணி நேரம் வலியில் துடித்தார்.

புகாருக்கு நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. எடைக் குறைப்புக்கான பொதுத் திட்டம் தவறுதலாக இணைக்கப்பட்டுவிட்டதாகவும் திருத்திவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். அடுத்த வாரத் திட்டத்தில் வேர்க்கடலை வெண்ணெய் இல்லை, பாதாம் இருந்தது. நாங்கள் திட்டத்தைத் திறப்பதையே நிறுத்திவிட்டோம். ஆலோசகரிடம் சொன்னபோது அவர் வருந்தினார். அந்தத் திட்டம் தம் கைவழியாக வருவதில்லை என்றார். நோயாளியின் வரம்பை வகுப்பவர் ஒருவராகவும் தட்டில் வைப்பதைத் தீர்மானிப்பது வேறொன்றாகவும் இருப்பதை எந்த மருத்துவமனையும் அனுமதிக்கக் கூடாது.

நான்காம் வாரத்தில் உறவினர் ஒருவர், ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் அரைக் குவளை வீதம் கலந்து இரவில் குடித்தால் கற்கள் மலத்தோடு வெளியேறிவிடும் என்ற குறிப்பை அம்மாவுக்கு அனுப்பினார். கற்கள் வெளிவந்த படமும் கூடவே வந்தது. அழைப்புக்குக் காத்திராமல் ஆலோசகருக்குச் செய்தி அனுப்பினேன். அன்று மாலையே பதில் தந்தார். 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் நியூசிலாந்திலிருந்து வெளியான ஒரு குறிப்பில், இப்படி வெளிவந்த பச்சை உருண்டைகளை ஆய்வகத்தில் சோதித்தபோது அவற்றில் பித்தப்பைக் கற்களில் இருக்கக் கூடிய கொலஸ்டிராலோ பிலிரூபின் என்ற பித்த நிறமியோ கால்சியமோ இல்லை, குடித்த எண்ணெயே வயிற்றுக்குள் சோப்பு போல உறைந்து உருண்டையாகியிருந்தது என்று பதிவாகியுள்ளதை எடுத்துச் சொன்னார். அரைக் குவளை எண்ணெய் என்பது ஏறத்தாழ நூறு கிராம் கொழுப்பு. அது பித்தப்பையை வெகுவாகச் சுருக்கி ஒரு கல்லைப் பொதுப் பித்தக்குழாய்க்குள் தள்ளிவிட்டால் மஞ்சள் காமாலையும் கணைய அழற்சியும் வரக் கூடும். உணவால் கல்லைக் கரைக்க முடியாது என்று அவர் அன்று எழுதிய வரியை அம்மா உறவினருக்கு அப்படியே அனுப்பி வைத்தார்.

ஐந்தாம் வார இறுதியில் நடந்ததை எழுதாமல் இந்த மதிப்புரை முழுமை பெறாது. ஒரு சனிக்கிழமை இரவு அம்மாவுக்கு வலி தொடங்கியது. வழக்கமான சிறு வலி என்று எண்ணிக் குறிப்பேட்டில் பதிந்தோம். நான்கு மணி நேரமாகியும் தணியவில்லை. வலியின் அளவைப் பத்துக்கு எட்டு என்று மீண்டும் பதிந்தேன். உடனே செயலியிலிருந்து ஒரு தானியங்கிச் செய்தி வந்தது: நாளை கொழுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், போதிய நீர் அருந்துங்கள். வார இறுதியில் ஆலோசகர்கள் யாரும் கிடைப்பதில்லை. முதல் அழைப்பிலேயே ஆலோசகர் எங்களிடம் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்ன அறிகுறிகள் குளிரூட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருந்தன: ஐந்து மணி நேரத்தைத் தாண்டும் வலி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், அடர்நிறச் சிறுநீர், வெளிறிய மலம், நிற்காத வாந்தி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உணவைப் பற்றி யோசிக்க வேண்டாம், எனக்கும் செய்தி அனுப்ப வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்று சொல்லியிருந்தார். அம்மாவுக்கு நடுக்கம் தொடங்கியதும் புறப்பட்டுவிட்டோம். அழற்சி மீண்டிருந்தது. காத்திருப்பை முடித்துக்கொண்டு, ஆறாம் வாரத் தொடக்கத்தில் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றினார்கள்.

பத்துக்கு எட்டு என்று வலியைப் பதிந்த ஒரு பித்தப்பை அழற்சி நோயாளிக்கு, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்ற ஒரே ஒரு வரியைத் தவிர வேறு எதையும் ஒரு செயலி சொல்லக் கூடாது. அந்தக் குறையை நான் எழுத்து மூலமாகத் தெரிவித்தேன். அந்தச் செய்தியை நம்பிக் காலை வரை காத்திருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அஞ்சுகிறேன்.

மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, நான் ஏதாவது தவறாகச் சாப்பிட்டுவிட்டேனா என்பது. அந்தக் கேள்வியை அடுத்த அழைப்பில் ஆலோசகரிடமும் கேட்டார். அவர் குறிப்பேட்டைத் திறந்து, அந்த இரவு உணவில் 9 கிராம் கொழுப்புதான் இருந்தது என்று காட்டினார். “அம்மா, நீங்கள் சரியாகத்தான் சாப்பிட்டீர்கள். அடைத்துக்கொண்ட கல் உணவைக் கேட்டுக்கொண்டு அடைப்பதில்லை. உணவால் வலிகளைக் குறைக்க முடிந்தது, உங்கள் உடலைத் தெம்பாக வைக்க முடிந்தது. நோயைத் தீர்க்க வேண்டியது அறுவைச் சிகிச்சைதான்.” உணவு ஆலோசனை எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை இதைவிட நேர்மையாக யாரும் சொல்லியிருக்க முடியாது. அறுவை மருத்துவரும், ஐந்து வாரத்தில் புரதம் குறையாமல் உண்டு வந்ததால் அம்மாவின் உடல்நிலை சிகிச்சைக்கு ஏற்றதாக இருந்தது என்றே சொன்னார்.

பித்தப்பை இல்லாமல் எப்படி வாழ்வது என்ற அச்சம் அடுத்து வந்தது. 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றிய காலத்திலிருந்து மனிதர்கள் அது இல்லாமல் நலமாக வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்று ஆலோசகர் தேற்றினார். பித்தநீர் இப்போது தேங்காமல் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குள் சிறிது சிறிதாக வடிகிறது. அதனால் முதல் சில வாரங்கள் ஒரே வேளையில் கொழுப்பு மிகுந்தால் சிலருக்கு மலம் இளகிப் போகலாம். கொழுப்பை வாரம் சில கிராமாகக் கூட்டுங்கள், கரையும் நார்ச்சத்தைச் சேருங்கள், வயிற்றுப்போக்கு நீடித்தால் பித்த அமிலங்களைப் பற்றும் மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள் என்றார். முன்பு வலியைத் தூண்டிய உணவுகளை இனி நிரந்தரமாக ஒதுக்க வேண்டியதில்லை என்று மேலே சொன்ன 2014 வழிகாட்டுதலே கூறுகிறது. வாழ்நாள் முழுவதும் கஞ்சிதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்த அம்மா இதை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

மதிப்பெண் கேட்டால், ஆலோசகருக்கு ஐந்துக்கு ஐந்து, குறிப்பேட்டுக்கு நான்கு, தானியங்கித் திட்டத்துக்கு ஒன்று தருவேன். மொத்தத்துக்கும் ஒரே மதிப்பெண் கேட்ட சேவையின் படிவத்தை நான் நிரப்பவில்லை. இந்தச் சேவையிலோ இது போன்ற வேறொன்றிலோ சேர்பவர்கள், உணவுத் திட்டத்தை ஆலோசகரே கையொப்பமிட்டு அனுப்புவாரா, கடும் வலியைப் பதிந்தால் செயலி என்ன சொல்லும், வார இறுதியில் யாரை அழைப்பது என்ற மூன்றையும் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எட்டு வாரக் கணக்கு முடிந்ததும், சிகிச்சைக்குப் பின் மூன்றாவது வாரம்கூட நிறையாத நிலையில் சேவை நின்றுபோனது இன்னொரு குறை. அறுவைச் சிகிச்சை எப்போது நடந்தாலும் அதற்குப் பின் ஒரு மாதம் வரை ஆலோசனை தொடர வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது.

கடைசி அழைப்பு சிகிச்சைக்குப் பின் பதினேழாம் நாள். மஞ்சள் கருவைப் பாதியாகத் தொடங்கலாம் என்று ஆலோசகர் சொன்னார். அம்மா அன்று மாலை பாதியும், இரண்டு நாள் கழித்து முழு முட்டையும் வேகவைத்து உண்டார். சேவை முடிந்துவிட்டதால் குறிப்பேடு திறக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் தேதியும் நேரமும் எழுதி, வலி என்ற இடத்துக்கு நேரே “இல்லை” என்று தம் கையாலேயே எழுதி வைத்தார்.